கிற்றோடு வரும் சாமானா, வெளிச் சாமானா? எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

தம்பி கேட்டது இதுதான். கோண்டாவிலில் ஒரு வேர்க்‌ஷொப்பில் மூன்று பேர் சேர்ந்து இரண்டு சீற் விமானம் ஒன்றைக் கிற்றிலிருந்து, அதாவது பாகங்களாகப் பெட்டியில் வரும் தொகுதியிலிருந்து, கட்டுகிறார்கள். உயர் இறக்கை, முழுக்க அலுமினியம், எஞ்சின் றொட்டாக்ஸ் 912 யூஎல்எஸ். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், "கிற்றோடு வருவதெல்லாம் மலிவுச் சாமான், தொடக்கத்திலேயே நல்லதாய்ப் போடுங்கோ" என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். லிதியம் பற்றறி, பெரிய ரயர், இரட்டைக் கலிப்பர் பிறேக், ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் போல்ட், வேறு பெற்றோல் வால்வ், பெரிய ஒயில் கூலர், வேறு புறொப்பெல்லர், எல்ஈடி லைற். இதில் எதை வாங்குவது, எதை விடுவது?

முதலில் நேர்ப் பதில். பெற்றோல் வால்வையும் எல்ஈடி லைற்றையும் மாற்றுங்கள். ஒயில் கூலரை அளந்து பார்த்த பிறகு மாற்றுங்கள். பிறேக்கை மாற்றுவதென்றால் முழுச் செற்றாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். புறொப்பெல்லர் எஞ்சினின் எல்லைக்குள் வந்தால் சரி. பெரிய ரயர் உங்களுக்குத் தேவையில்லை. லிதியம் பற்றறியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். ஸ்ரெயின்லெஸ் போல்டை அந்தப் பட்டியலிலிருந்தே வெட்டிவிடுங்கள்.

காரணங்களுக்குப் போகுமுன் ஒன்று. கிற்றில் வரும் பிறேக்கோ வால்வோ விலை குறைந்ததாக இருக்கலாம். ஆனால் அதே சாமான் அதே இடத்தில், அதே நீளக் குழாயோடு, அதே எஞ்சின் அதிர்வில் எத்தனையோ விமானங்களில் பறந்திருக்கிறது. அது எங்கே வெடிக்கும், எத்தனை மணித்தியாலத்தில் தேயும் என்பது ஏற்கெனவே வெளியே வந்து, கிற் செய்தவர் அதற்கு அறிவித்தலும் விட்டிருப்பார். வெளிச் சாமான் தனியே எடுத்துப் பார்த்தால் அதைவிடத் திறமானதாக இருக்கலாம். உங்கள் விமானத்தில், உங்கள் இணைப்பில் அது எப்படி நடக்கும் என்பதை முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர்கள் நீங்கள். ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் மூன்றைக் கேளுங்கள். என்ன குறையைத் தீர்க்க இதை மாற்றுகிறோம்? இது வேறு எவற்றைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது? ஐந்து வருடம் கழித்து இதன் றப்பர் சீல் யாழ்ப்பாணத்துக்கு எங்கிருந்து வரும்? முதற் கேள்விக்குப் பதில் "இது வடிவாக இருக்கு" என்றால் அங்கேயே நிறுத்தலாம்.

கிற் சாமான் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்றும் அர்த்தமில்லை. அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனம் மிகப் பெரிய கிற் தயாரிப்பாளர். லேசரால் வெட்டிய துளைகளின் விளிம்பில், றிவெற்றின் தலை அமிழத் தகட்டைக் குழிக்கும்போது (டிம்பிள்), வெடிப்பு வந்ததால் பெருந்தொகையான பாகங்களை அவர்கள் மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. 2023 டிசம்பரில் கடன் மீளமைப்புக்கு நீதிமன்றம் போனார்கள். பெட்டி திறந்த அன்றே ஒவ்வொரு துளையையும் 10 மடங்கு பூதக்கண்ணாடியால் பார்ப்பது எல்லாக் கிற்றுக்கும் பொருந்தும்.

மச்சான் பார்ப்பது வட அமெரிக்க நடைமுறை. அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டும் பரிசோதனை வகை விமானத்துக்குக் கட்டினவரே தயாரிப்பாளர். விரும்பியதைப் போடலாம், அதற்கு விலையாகப் பரீட்சைப் பறப்பு கூடும். சான்று பெற்ற எஞ்சினும் புறொப்பெல்லரும் சான்று பெற்ற சோடியாகவே இருந்தால் வழமையாக 25 மணித்தியாலம், இல்லாவிட்டால் 40. இலங்கையில் உங்களுக்குப் பொறுப்பானது 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டமும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையும். கிற் வரைபடத்திலிருந்து விலகும் ஒவ்வொரு மாற்றத்தையும் சாமான் ஓர்டர் பண்ணுமுன் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். வாங்கிய பிறகு கேட்பது காசைக் கடலில் போடுவதற்குச் சமம்.

இனிப் போல்ட். மிக ஆபத்தான யோசனை இதுதான், ஏனென்றால் பார்க்க மிக நியாயமாகத் தெரிகிறது. குடாநாட்டில் எந்த இடமும் கடலுக்கோ களப்புக்கோ தூரமில்லை, சோளகம் வீசும் மாதங்களில் உப்பு எல்லா இடமும் படியும், ஆகவே துருப்பிடிக்காத போல்ட் போடுவோம் என்று நினைக்கத் தோன்றும். கிற்றில் வருவது விமானத்துக்கான ஏஎன் வகைப் போல்ட். நிக்கல் கலந்த உருக்கு, கட்மியம் பூச்சு, தலையில் சிலுவை அல்லது நட்சத்திரக் குறி. அதன் இழுவலு சதுர அங்குலத்துக்கு 125,000 இறாத்தல். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் ஏ2-70 என்று பொறித்த ஸ்ரெயின்லெஸ் போல்டின் இழுவலு 700 மெகாபஸ்கால், அதாவது ஏறக்குறைய 101,500 இறாத்தல். பளபளப்பு கூடியது, வலு ஐந்திலொரு பங்கு குறைந்தது. அதற்கு மேல், ஸ்ரெயின்லெஸ் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிக்கப்படுவது போல்ட் அல்ல, அலுமினியம். போல்ட் புதிதாகவே இருக்கும், அது பிடித்திருக்கும் தகடு வெள்ளைத் தூளாகும். கட்மியம் பூச்சு போடுவதற்கு ஒரு காரணம் அலுமினியத்தோடு அது சண்டை பிடிக்காது என்பதுதான்.

அளவும் பொருந்தாது. ஏஎன்3 போல்டின் விட்டம் 3/16 அங்குலம், 4.76 மி.மீ. இங்கே கிடைப்பது எம்5, அதாவது 5 மி.மீ. போகாது, துளையைப் பெருப்பிக்க வேண்டும். பெருப்பித்த துளையைத் திருப்பிச் சிறிதாக்க முடியாது, தகட்டின் ஓரத் தூரமும் குறைந்துவிடும். ஏஎன்4 இன் விட்டம் 6.35 மி.மீ. அந்தத் துளைக்குள் எம்6 இலகுவாகப் போகும், 0.35 மி.மீ. ஆட்டத்தோடு. இதுதான் கூடக் கெட்டது. போகிறதே என்று போட்டுவிடுவார்கள், பிறகு ஒவ்வொரு பறப்பிலும் அது துளையை முட்டை வடிவமாக்கும். இன்னொன்று, ஏஎன் போல்டில் தகடுகளுக்குள் நிற்கும் பகுதி வழவழப்பான தண்டு. கடைப் போல்ட் பலவற்றில் தலைவரை புரி ஓடும். வெட்டுவிசை புரியின் பள்ளத்தில் விழுந்தால் போல்டின் உண்மையான விட்டம் இன்னும் சிறிது.

துருதான் கவலை என்றால் வழி இருக்கிறது. ஏஎன் போல்டையே போடுங்கள். துளைக்குள் எப்பொக்சிப் பிறைமர் ஈரமாக இருக்கும்போதே போல்டைச் செலுத்துங்கள், நட் இறுக்கிய பிறகு தலையையும் புரி முனையையும் அரிப்புத் தடுப்பு எண்ணெயால் மூடுங்கள். ஆனால் இறுக்கும் புரியில் எண்ணெய் படக்கூடாது, கீழே வரும் இறுக்க அளவுகள் உலர்ந்த புரிக்கானவை. இழுவிசை நட்டோடு ஏஎன்3க்கு 20 முதல் 25 அங்குல இறாத்தல், அதாவது 2.3 முதல் 2.8 நியூற்றன் மீற்றர். ஏஎன்4க்கு 50 முதல் 70, அதாவது 5.6 முதல் 7.9. நைலோன் நட்டைக் கையால் போகாத இடத்துக்குப் பிறகு திருக எவ்வளவு விசை வேண்டும் என்று முதலில் அளந்து, அதை இந்த எண்ணோடு கூட்ட வேண்டும். எஞ்சின் பகுதிக்குள் நைலோன் நட் வேண்டாம். அது 121 பாகை செல்சியஸ் வரைதான். புகைக்குழாய்ப் பக்கம் முழு உலோக லொக் நட்.

றிவெற்றுக்கும் தகட்டுக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கிற்றின் இழுப்பு றிவெற்றும் கூரைக்குத் தகடு அடிக்கும் பொப் றிவெற்றும் மேசையில் வைத்தால் ஒன்றுபோலத் தெரியும். வெட்டு வலுவும், நடுக் கம்பி உள்ளே நிற்கும் விதமும் வேறு. ஒரு பை குறைந்துவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு ஓர்டர் பண்ணுங்கள். தகடும் அப்படியே. 6061-ரி6 என்ற அலுமினியக் கலவையின் தளர்வு வலு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) ஏறக்குறைய 276 மெகாபஸ்கால், 2024-ரி3 இன் வலு 345. ஒரே தடிப்பில் ஒன்றுக்கு மற்றது போட்டால் ஐந்திலொரு பங்கு போய்விடும். உப்புக் காற்றைத் தாங்குவதில் 6061 நல்லது என்பது உண்மை, ஆனால் 2024 கேட்ட இடத்தில் அதைப் போட அது காரணமில்லை. ரி6, ரி3 போன்ற ரெம்பர் எண் (உலோகத்தை எப்படிப் பதப்படுத்தியது என்ற குறி) அச்சடிக்காத தகடு எதுவும் விமானத்துக்குள் வரக்கூடாது.

பெற்றோல் வழி பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் நிற்பதற்கு எஞ்சினைவிட அதற்குப் பெற்றோல் போகாததே அடிக்கடி காரணமாகிறது, கட்டுபவர்கள் அதிகம் கை வைப்பதும் இங்கேதான்.

சில கிற்றுகளில் வரும் வால்வ் கூம்பு வடிவப் பித்தளை அடைப்பான். புதிதில் நன்றாகத் திரும்பும். கிறீஸ் கழுவப்பட்டதும் இறுகும், இறுகினதை வலிந்து திருகினால் பாதி வழியில் நிற்கும், பாதி வழி என்றால் இரண்டு பெற்றோல் தாங்கியும் மூடியதாகக்கூட இருக்கலாம். மாற்று வால்வில் தெளிவாகச் சொடுக்கி நிற்கும் நிலைகள் இருக்கும், மூடும் நிலைக்குப் போக ஒரு குமிழைத் தூக்க வேண்டும், தவறுதலாக மூட முடியாது. அன்டெயர் வகை வால்வை உலகம் முழுவதும் கட்டுபவர்கள் போடுவது இதனால்தான். மச்சானின் பட்டியலில் முதலாவதாக வாங்க வேண்டியது இதுதான். வாங்குமுன் இரண்டு பாருங்கள். குழாய் வாய்கள் ஒரே திசையிலா, எதிர்த் திசைகளிலா வருகின்றன என்று உங்கள் தளத்தின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் கூடுதல் முழங்கை போட வேண்டி வரும், ஒவ்வொரு முழங்கையும் ஒரு கசிவு வாய்ப்பும் ஓட்டத்துக்கு ஒரு தடையும். பிடி காட்டும் திசையும் தாங்கியின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும், இடப் பக்கம் காட்டினால் இடத் தாங்கி.

இணைப்பி வாங்கும்போது கோணத்தைக் கவனியுங்கள். விமானக் குழாயின் விரிந்த வாய் 37 பாகை, கார்க் குழாயினுடையது பெரும்பாலும் 45 பாகை. நட் திருகி ஏறும், இறுகும், முதல் நாள் கசியாது. ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த வாய் அதிர்வில் பிறகு வெடிக்கும். ரெஃப்லோன் ரேப் பெற்றோல் வழியில் எங்கும் வேண்டாம். அதன் நூல் ஒன்று பிரிந்தால் காபரேற்றரின் ஜெற்றை அடைக்கும். குழாய்ப் புரிக்கு பெற்றோல் தாங்கும் பசைச் சீலன்ற், அதுவும் முதல் இரண்டு புரியை விட்டு. 37 பாகை வாய்க்கு எதுவும் பூசத் தேவையில்லை.

றப்பர்க் குழாய்களை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது றொட்டாக்ஸின் விதி. இந்த வெயிலில் அதைத் தாண்ட நினைக்கவே வேண்டாம். தீக்காப்பு உறையோடு வரும் ரெஃப்லோன் உட்குழாய் நல்ல மாற்று, றப்பரைப் போலக் காய்ந்து வெடிக்காது. ஆனால் அது வளைய மறுக்கும், நீளம் 10 மி.மீ. குறைந்தால் எஞ்சின் ஆடும்போது இணைப்பியை இழுக்கும். எஞ்சினைப் பொருத்திய பிறகு அளந்து, அளவு கொடுத்துச் செய்விப்பது ஒன்றே வழி. வரைபடத்தைப் பார்த்து முன்கூட்டி ஓர்டர் பண்ணாதீர்கள்.

துணைப் பம்பில் ஒரு பொறி இருக்கிறது. காபரேற்றர் உள்ள 912க்குத் தேவையான அழுத்தம் 0.15 முதல் 0.4 பார் மட்டும். பெற்றோல் இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 3 பார் அளவில் தள்ளும். "கூடுதல் சக்தி" என்று அதைப் போட்டால் மிதவை வால்வை மீறிப் பெற்றோல் வழிந்து சூடான எஞ்சினில் கொட்டும். கிற் சொல்லும் பம்பையே போடுங்கள், மேலதிகப் பெற்றோல் தாங்கிக்குத் திரும்பும் குழாயை எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த விமானத்தின் எஞ்சின் மூடிக்குள் பெற்றோல் ஆவியாகிக் குமிழியாக நிற்கும். அந்தக் குமிழி போவதற்கு வழி அந்தத் திரும்பும் குழாய்தான். சொல்லியாக வேண்டிய இன்னொன்று: யூஎல்எஸ்ஸுக்கு ஒக்டேன் 95 வேண்டும். பம்பில் நிற்கும் 92, 80 குதிரைவலு யூஎல்லுக்குப் போதும், உங்கள் 100 குதிரைவலு எஞ்சினுக்குப் போதாது.

ஒயில் கூலரைப் பற்றி மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல கிற்றுகள் குளிர் நாட்டை மனதில் வைத்து அளவு எடுத்தவை. ஆனால் றொட்டாக்ஸில் ஒயில் தாங்கியிலிருந்து கூலருக்குப் போய், அங்கிருந்து பம்ப் உறிஞ்சுகிறது. கூலர் இருப்பது உறிஞ்சும் பக்கத்தில். மோட்டார் சைக்கிள் கூலர் ஒன்றைப் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கினால் அதன் ஒடுங்கிய வாய் பம்பைப் பட்டினி போடும். பம்பின் வாயில் உறிஞ்சு வெற்றிடம் 0.3 பாரைத் தாண்டக்கூடாது, முழு விசையில் மானி வைத்து அளக்கலாம். அகலமான வாய், குறைந்த வளைவு, குட்டைக் குழாய், இந்த மூன்றும் கூலரின் பரப்பைவிட முக்கியம்.

அதற்கும் முன்பு, காற்றுப் போகும் வழியைப் பாருங்கள். கூலரைச் சுற்றி விரலளவு இடைவெளி இருந்தால் காற்று அதனூடாகப் போகாமல் அதன் அருகால் போகும். சிலிக்கோன் றப்பர் பட்டியால் அந்த இடைவெளியை அடைத்து, மூடியின் கீழ் வெளியேறும் வாயைச் சற்று அகலித்து, மதிய வெயிலில் ஏறிப் பாருங்கள். ஒயில் 90 முதல் 110 பாகைக்குள் நின்றால் புதுக் கூலர் தேவையில்லை. யூஎல்எஸ்ஸின் மேல் எல்லை 130. எதிர்ப் பக்கமும் இருக்கிறது: ஒயில் ஒவ்வொரு பறப்பு நாளிலும் ஒரு முறையாவது 100 பாகையைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அதில் சேரும் நீர் ஆவியாகாது. மாரி காலத்து ஈரப்பதனில் அளவுக்கு மிஞ்சிய கூலர் ஒயிலைக் கெடுக்கும். பெரியது போடுவதென்றால் தேர்மோஸ்ராற்றோடு போடுங்கள். ஒயில் குழாயைக் கழற்றிய ஒவ்வொரு முறையும், ஸ்ராட் பண்ணுமுன் எஞ்சினைச் சுழற்றி அழுத்தம் வருவதைக் கண்ணால் கண்ட பிறகே மேலே போக வேண்டும்.

ஒயில் பில்ரர் றொட்டாக்ஸினுடையதே. கார்ப் பில்ரர் ஒன்று அதே புரியில் ஏறும். உள்ளே இருக்கும் மாற்றுவழி வால்வ் எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பது வேறு.

லிதியம் பற்றறியின் கவர்ச்சி எடை. வழமையான ஈயப் பற்றறி ஏறக்குறைய 7 கிலோ, லிதியம் 2 கிலோ. ஐந்து கிலோ மிச்சம் நல்லதுதான், ஆனால் அது எங்கிருந்து குறைகிறது என்பதைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு விமானம் 500 கிலோ, ஈர்ப்பு மையம் அடையாளக் கோட்டிலிருந்து 2000 மி.மீ., பற்றறி நெருப்புச் சுவரில் (எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் இடைத் தகடு) 1200 மி.மீ. என்று வையுங்கள். 500 பெருக்கல் 2000 இலிருந்து 5 பெருக்கல் 1200 ஐக் கழித்து 495 ஆல் வகுத்தால் 2008. மையம் 8 மி.மீ. பின்னுக்குப் போய்விட்டது. பின் எல்லைக்குக் கிட்ட இருக்கும் விமானத்துக்கு அது சிறிய எண்ணல்ல. பிறகு முன்னுக்கு ஈயக் கட்டி வைத்துச் சமப்படுத்துவார்கள், மிச்சம் பிடித்த எடை திரும்பி வந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் சார்ஜ். 912இன் உள் ஜெனரேற்றர் 250 வொற் அளவுதான், ஏறக்குறைய 20 அம்பியர். இறங்கிய லிதியம் பற்றறி கிடைக்கும் கரன்ற் முழுவதையும் இழுக்கும். ஈயப் பற்றறி அப்படி இழுக்காது. ஸ்ராட் பண்ணிய உடன், காற்றோட்டம் இல்லாமல் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரத்தில், ஜெனரேற்றரின் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றர் முழுச் சுமையில் கொதிக்கும். இந்த எஞ்சினில் வெப்பத்தால் முதலில் சாகும் மின்சாமான் றெகுலேற்றர்தான். ஆகவே காசு செலவழிக்க விருப்பமென்றால் றெகுலேற்றருக்குச் செலவழியுங்கள். அதை எஞ்சின் பக்கச் சூட்டிலிருந்து எடுத்து, தடித்த அலுமினியத் தட்டில் பூட்டி, குளிர் காற்றுக் குழாய் ஒன்றை அதன் செட்டைகளுக்கு விடுங்கள். 22,000 மைக்குறோ பரட் கண்டென்சரை விடாமல் போடுங்கள். பற்றறி கழன்றாலும் வோல்ற்றை நிலையாக வைப்பது அதுதான்.

மச்சான் அதைச் சூட்கேஸில் கொண்டுவருவார் என்று எண்ணாதீர்கள். தனியே அனுப்பும் லிதியம் அயன் பற்றறி பயணிகள் விமானத்தில் சரக்காகப் போக 2016 ஏப்ரல் 1 முதல் தடை, சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. பழுதானால் மாற்று வரவும் அதே பாடு. ஈயப் பற்றறியைக் கொழும்பில் வாங்கலாம்.

பிறேக்கில் பலரும் மறப்பது திரவக் கணக்கு. இரட்டைக் கலிப்பரில் பிஸ்ரன் பரப்பு இரு மடங்கு. அதே மாஸ்ரர் சிலிண்டர் அதை நகர்த்த இரு மடங்கு திரவம் தள்ள வேண்டும், பெடல் இரு மடங்கு தூரம் போய் அடியில் நிற்கும். சிறிய மாஸ்ரர் சிலிண்டர், பெரிய கலிப்பர் என்ற கலவை கடதாசியில் நல்ல பிறேக், காலடியில் பிறேக் இல்லாத விமானம். மாற்றுவதென்றால் சில்லு, டிஸ்க், கலிப்பர், மாஸ்ரர் சிலிண்டர் எல்லாம் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து ஒரே செற்றாக. அச்சின் போல்ட் துளை வட்டமும் டிஸ்க்கின் தள்ளி நிற்கும் தூரமும் உங்கள் விமானத்தின் சில்லுக் காலோடு பொருந்துகிறதா என்று வரைபடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

திரவம் பிழைத்தால் எல்லாம் பிழை. விமானப் பிறேக்கில் பெரும்பாலும் சிவப்பு நிறக் கனிய எண்ணெய், மில்-எச்-5606. அதற்குரிய ஓ-றிங் நைத்திரைல் றப்பர். கார்ப் பிறேக் திரவமான டொட் வகைக்குரியது ஈபிடிஎம் றப்பர். ஒன்றின் சீலுக்கு மற்றதின் திரவம் பட்டால் சீல் வீங்கும், பிறேக் விடாமல் பிடிக்கும் அல்லது கசியும். கடையில் டொட் 4 இலகுவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு மூடி விட்டாலே முழுத் தொகுதியையும் கழற்றி எல்லா சீலும் மாற்ற வேண்டும். திரவத் தாங்கியின் மூடியில் திரவத்தின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள், ஒரு நாள் உதவிக்கு வரும் மோட்டார் மெக்கானிக்கும் வாசிக்கும்படி.

பெரிய ரயர் மலைச்சரிவிலும் ஆற்றங்கரைக் கல்லிலும் இறங்குபவர்களுக்கு. நீங்கள் இறங்கப்போவது பலாலியைப் போன்ற தார் ஓடுபாதையில். 6.00-6 ரயரின் ஆரை ஏறக்குறைய 222 மி.மீ., 26 அங்குல ரயரினுடையது 330. பிறேக் தரும் முறுக்கு மாறாது, ஆரை கூடியதால் நிலத்தில் பிடிக்கும் விசை மூன்றிலொரு பங்கு குறையும். பிறகு அதை ஈடுசெய்யப் பெரிய பிறேக் கேட்கும். மச்சானின் பட்டியலில் இரண்டும் ஒன்றாக வந்ததன் காரணம் இதுவாகவே இருக்கும். ரயரை விட்டால் பிறேக்கையும் விடலாம்.

புறொப்பெல்லருக்கு எண்கள் தெளிவு. 912இன் கியர்ப்பெட்டி தாங்கும் சுழல் சடத்துவம் 6000 கிலோகிராம் சதுர சென்ரிமீற்றர் வரை. தயாரிப்பாளரிடம் அந்த எண்ணை எழுத்தில் கேளுங்கள், எடையை மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள், ஏனென்றால் எடை நுனியில் இருந்தால் சடத்துவம் கூடும். நிலத்தில் கோணம் மாற்றக்கூடிய கூட்டுநார் அலகு (புறொப்பெல்லரின் இறகு) உங்களுக்கு ஏற்றது. கோணத்தை வைக்கும்போது முழு விசையில் எஞ்சின் 5200 சுற்றுக்குக் கீழே நிற்காதபடி பாருங்கள், கீழே நின்றால் எஞ்சின் மூச்சுத் திணறும். மேலே 5800 ஐந்து நிமிடத்துக்கு மட்டும், தொடர்ந்து 5500. எல்லா அலகுக்கும் கோண வித்தியாசம் அரைப் பாகைக்குள் இல்லாவிட்டால் அதிர்வு முதலில் காபரேற்றரின் றப்பர்க் கழுத்தை வெடிக்க வைக்கும். இரண்டா மூன்றா என்பதில் நான் இரண்டு அலகையே சொல்வேன். கழற்றிப் பெட்டியில் போட்டு அனுப்புவதும் ஹங்கரில் ஒதுக்குவதும் இலகு.

எல்ஈடி லைற் நல்ல மாற்று. கரன்ற் குறைவு, 20 அம்பியர் ஜெனரேற்றருக்கு அது பெரிய உதவி. ஒரே சோதனை: வானொலியைப் போட்டு, ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழை) திறந்து, 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரை சில அலைவரிசைகளில் லைற்றைப் போட்டு அணைத்துப் பாருங்கள். இரைச்சல் மாறினால் அதன் மின்சுற்று அலையைக் கெடுக்கிறது. திருப்பி அனுப்பும் தவணைக்குள் இதைச் செய்யுங்கள், இறக்கை நுனியில் பூட்டிய பிறகு அல்ல.

கிற் ஓர்டர் பண்ணும்போது பல தயாரிப்பாளர்கள் வேண்டாத பாகத்தைக் கழித்து அதன் பெறுமதியைத் தருவார்கள். வால்வை மாற்றுவது உறுதி என்றால் பெட்டி கப்பலேறுமுன் சொல்லுங்கள். வந்த பிறகு அது அலுமாரியில் கிடக்கும் காசு.

வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பழையதின் எடை, புதியதின் எடை, அது நிற்கும் இடத்தின் தூரம், தொகுதி இலக்கம், இணக்கச் சான்றிதழ், ஓ-றிங்கின் எண். பரிசோதகர் வந்து கேட்கும் அன்றைக்கும், ஐந்து வருடம் கழித்து சீல் தேடும் அன்றைக்கும் அந்தப் பக்கம் வேண்டும்.

மச்சானிடம் முதலில் கேட்க வேண்டியவை சின்னச் சாமான்கள். ஏஎன்3, ஏஎன்4 போல்ட் வரைபடம் கேட்ட நீளத்திலும் அதற்கு ஒரு அளவு மேலும் கீழும் மேலதிகமாகப் பத்துப் பத்து, நட்டும் வோஷரும் அதற்கு இரட்டிப்பு, பிறேக் ஓ-றிங் இரண்டு செற், கிற்றின் றிவெற் ஒவ்வொரு அளவிலும் நூறு. இவை சூட்கேஸில் வரும், இல்லாமல் போனால் வேலை மாதக்கணக்கில் நிற்கும். தாங்கிச் சீலன்ற்றுக்குக் காலாவதித் திகதி உண்டு, தாங்கி மூடும் வாரத்தை முடிவு செய்த பிறகே வரவழையுங்கள். பிறைமரும் தின்னரும் தீப்பற்றும் பொருள், அவை கப்பலில்தான் வரும், அதற்கேற்ற முன்னறிவித்தலோடு ஓர்டர் போடுங்கள். திரையுள்ள கருவிப் பலகையைக் கடைசியாக வாங்குங்கள். உத்தரவாதக் காலம் பெட்டி வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், வயறிங் தொடங்குமுன் அதைக் கொண்டுவந்து ஈரக் காற்றில் வைத்திருக்க வேண்டாம்.